சலவைக்குறி போட்ட சாவிகள்

முப்பத்தொரு சாவிகள். எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு சாவியின் காதிலும் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துணிக் கிழிசல் முடிந்திருக்கிறது. துணியில் கறுப்பு மையில் புள்ளிகளும் கோடுகளும். கதவு எண் இல்லை, தெருப் பெயர் இல்லை, வீட்டுக்காரர் பெயர் இல்லை. கொத்து தொலைந்து யார் கையில் சிக்கினாலும் எது எந்த வீட்டுச் சாவி என்று கண்டுபிடிக்க முடியாது.

"மூணு புள்ளி, நடுவுல ஒரு கோடு. இது ராம் நகர்ல ஒரு மாடி வீடு. குறுக்க ரெண்டு கோடு போட்டது கீழ்க்கட்டளை பக்கம், தனி வீடு, கிணறு இருக்கு. இது எங்கப்பா போட்ட குறிங்க, நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல."

சாவிக்கொத்துக்காரரின் அப்பா விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சலவைத் தொழிலாளி. ஊர்த் துணி மொத்தமும் ஒரே துறையில் வெளுக்கும்போது எது யாருடையது என்று கலந்துவிடக் கூடாது. அதற்காகச் சேங்கொட்டையின் சாற்றைத் தொட்டுத் துணி ஓரத்தில் குறி போடுவார்கள். எத்தனை தடவை வெள்ளாவி வைத்தாலும் அந்தக் கறை போகாது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதரின் கையில் ஒருநாளும் ஒரு வேட்டிகூட மாறிப் போனதில்லை என்கிறார் மகன். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிமிர்வு இருக்கிறது.

மகன், மடிப்பாக்கத்தில் வீட்டுப் புரோக்கர். கமிஷன் வாங்குகிற தொழில் என்று முகம் சுளிக்காமல், இந்தத் தொழிலை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. வேலைக்கோ படிப்புக்கோ சென்னைக்கு வந்து இறங்குகிற ஒருவர் முதலில் உட்கார்ந்து பேசுகிற உள்ளூர்க்காரர் பெரும்பாலும் புரோக்கர்தான். அந்த ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்து இந்த நகரம் நமக்கு அம்மா வீடாகவும் இருக்கும், அந்நியர் வாசலாகவும் இருக்கும். எனக்கு இரண்டும் நேர்ந்திருக்கிறது. அதனால்தான் நாலு நாள் அவருடைய டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் பின்னால் உட்கார்ந்து தெருத் தெருவாகப் போனேன். பெயர் போடக் கூடாது என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை. "ஏரியாவுல எல்லாருக்கும் என்னைத் தெரியும். பேப்பர்ல வந்தா ஊர்ல இருக்கறவங்க, பெரிய ஆளாயிட்டான்னு பேசுவாங்க."

1989-ல், பதினேழு வயதில், நங்கநல்லூரில் இஸ்திரி வண்டி வைத்திருந்த மாமாவிடம் வந்து சேர்ந்தார். கரி போட்டுச் சூடேற்றுகிற பித்தளைப் பெட்டி. காலை ஆறு மணிக்குக் கரி பற்றவைத்தால் இரவு ஒன்பது வரை நின்ற நிலைதான். நாலு வருடம் கழித்து மடிப்பாக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் சொந்தமாக வண்டி போட்டார். அப்போது மடிப்பாக்கம் ஊராட்சி. மனைக்கற்கள் நட்ட வெற்று நிலம், நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகள், மழை வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய களிமண் பாதை. சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோதுதான், 2011-ல், அது நகரத்தோடு சேர்ந்தது. ஒவ்வொரு வீடும் அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து அவர் பார்த்தது. எந்த மனையில் செம்மண் கொட்டி மேடாக்கினார்கள், எதில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடினார்கள் என்பது அவருக்கு இன்றும் மனப்பாடம்.

இஸ்திரிக்காரருக்குத் தெரிவது வேறு யாருக்கும் தெரியாது. நான் கேட்காமலே அவர் அதை விளக்கினார். "வெள்ளச் சட்டை நாலு வந்துக்கிட்டு இருந்த வீட்டுல திடீர்னு ரெண்டுதான் வருதுன்னு வெச்சுக்கங்க. பையன் வெளியூரோ வெளிநாடோ போயிட்டான்னு அர்த்தம். இனிமே மாடி ரூம் சும்மா கெடக்கும். ஆறு மாசத்துல வாடகைக்கு விடுவாங்க. பட்டுப்புடவை பத்து ஒண்ணா வந்தா கல்யாணம். கல்யாணம் முடிஞ்சா பொண்ணு போயிடும், இல்லன்னா மருமக வந்து இடம் பத்தாமப் போகும். ரெண்டுல எதுன்னாலும் வீடு மாறும்."

இப்படித்தான் ஆரம்பித்தது. வங்கியில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி, துணி கொடுக்கும்போது, "இங்க பக்கத்துல போர்ஷன் ஏதாவது காலியாகுதாப்பா?" என்று கேட்டார். சட்டை குறைந்த வீடு ஒன்று அவருக்கு ஞாபகம் வந்தது. கூட்டிப்போய்க் காட்டினார். முடிந்தது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து முந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். ஒரு வாரம் நின்று தேய்த்தாலும் கையில் அவ்வளவு மிஞ்சாது.

அவர் சொன்னதில் என் மனதில் தங்கிவிட்டது பணம் இல்லை. அந்த வீட்டுக்கு நாலு வருடமாகத் துணி தேய்த்துக் கொடுத்தவர் அவர். மூட்டையைக் கேட்டுக்குப் பக்கத்துச் சுவர்மேல் வைப்பார், அங்கேயே எண்ணி எடுத்துக்கொள்வார்கள். உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை. தண்ணீர் கேட்டால் தனி டம்ளர். "அன்னிக்குப் பார்ட்டியோட போனதால கூடத்துக்குள்ள போயிட்டேன். மொசைக் தரை. காலுக்குச் சில்லுனு இருந்துச்சு. அந்த வீட்டுத் துணி ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும், எதுல எந்தப் பட்டன் போயிருக்குன்னுகூடத் தெரியும். வீட்டுக்குள்ள எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் பாத்தேன்."

அவர் தொழில் நடத்துகிற விதம் முழுவதும் அந்த மொசைக் தரையிலிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன்.

எப்படி என்று சொல்ல வேண்டுமானால் முதலில் என் கதையைச் சொல்ல வேண்டும். 2012. மதுரையிலிருந்து வேலைக்கு வந்து, விடுதியில் ஒரு வருடம் தள்ளிவிட்டு, தனியாக ஒரு வீடு எடுக்கலாம் என்று கிளம்பினேன். வேறொரு பகுதியில் வேறொரு புரோக்கர். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறு வீடு காட்டினார். ஆறு வீட்டிலும் கேட்டைப் பிடித்துக்கொண்டே கேள்வி. தனியாவா இருக்கப் போற? இன்னும் கல்யாணம் ஆகலையா? பத்திரிகையா, அப்ப ராத்திரி லேட்டா வருவியா? கடைசியில், குரலைத் தாழ்த்தி, நீங்க என்ன ஆளுங்க? மூன்றாவது வீட்டிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. புரோக்கர் பக்கத்தில் நின்று செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். ஆறாவது வீட்டில் சரி என்றார்கள். ஐயாயிரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தேன். இரண்டு நாளில், வேறு குடும்பம் கூடுதலாகக் கொடுக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். டோக்கன் திரும்பி வரவில்லை. ரசீது கேட்க வேண்டும் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

அலுவலகத்தில் ஒரு அக்கா சொல்லி மடிப்பாக்கத்துக்கு, இவரிடம் வந்தேன். அவர் வீடு காட்டவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்காரச் சொல்லி, நாற்பது பக்க நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி எத்தன மணிக்கு வருவீங்கம்மா?" எனக்குச் சுருக்கென்றது. இங்கேயும் அதுதானா என்று எழுந்துவிட்டேன். "தெருவிளக்கு எரியற தெருவா பாக்கணும்ல. ரெண்டு தெருவுல நாய்த் தொல்லை, பத்து மணிக்கு மேல நடக்க முடியாது. அதான் கேட்டேன்" என்றார். உட்கார்ந்தேன்.

இன்றும் அதே நோட்டு, அதே மாதிரிக் கேள்விகள். நான் கூடப் போன முதல் நாள் ஒரு வயதான தம்பதி வந்தார்கள். பட்ஜெட் என்ன என்று கேட்பதற்கு முன்னால், "அம்மாவுக்கு முட்டி எப்படி?" என்று கேட்டார். மாடி வேண்டாம் என்று எழுதிக்கொண்டார். குழந்தை எந்தப் பள்ளிக்கூடம், வேன் எந்த முனையில் நிற்கும், அசைவம் சமைப்பீர்களா, ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்களா, வண்டி எத்தனை, மிருதங்கமோ வயலினோ யாராவது பழகுகிறார்களா. இத்தனையும் கேட்டுவிட்டு, அவர்கள் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, கேட்டதை மறைக்காமல் சொல்கிறார். அந்தப் பக்கம் முழு மனதோடு சரி என்றால்தான் வண்டியை எடுப்பார். இழுத்துப் பேசினால் அந்த வீடு கிடையாது. ஒரு பார்ட்டிக்கு மூன்று வீட்டுக்கு மேல் அவர் காட்டுவதில்லை. மூன்றில் ஒன்று பொதுவாக அமைந்துவிடுகிறது.

"கேட்டு முன்னால ஒருத்தரை நிக்க வெச்சுத் திருப்பி அனுப்பறது இருக்கே, அது என்னால ஆகாதுங்க" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

ஆனால் நான் விடவில்லை. மூன்றாம் நாள், வண்டி பஞ்சராகிக் கடையில் நின்றபோது, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். சாதி கேட்கிற, மதம் கேட்கிற வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே போனில் பேசி, ஒத்துவராதவரை வேறு வீட்டுக்கு அழைத்துப்போய்விடுகிறீர்கள். அவமானம் மிச்சமாகிறது, நல்லது. ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு அவர் செய்வதில் ஒரு குறையும் தெரியாமல் போகிறதே? அவர் வேண்டாம் என்று சொல்கிற முகத்தை அவர் பார்க்க வேண்டியதே இல்லையே?

நேரம் எடுத்துக்கொண்டார். டியூப் தண்ணீரில் அமுங்கிக் குமிழி விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீங்க சொல்றது சரிதான். எம் பொண்ணும் இதைத்தான் கேக்குது. ஆனா வீடு தேடி வர்றவங்க மாசக் கடைசிக்குள்ள எங்கயாவது தட்டுமுட்டுச் சாமானை எறக்கணும். அவங்கள வெச்சு நான் சண்டை போட முடியாது." பிறகு, "ஒண்ணு மட்டும் பண்றேன். நாலு வீட்டுச் சாவி வேணாம்னு திருப்பிக் கொடுத்துட்டேன். எங்க ஆளுங்களுக்குத்தான் கொடுக்கணும்னு எழுதி வெக்கச் சொன்னாங்க. வேற ஆளப் பாத்துக்கங்கன்னுட்டேன். அதுல ஒரு வீடு எட்டு மாசமா பூட்டிக் கிடக்கு" என்றார். இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அவருக்கும் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இந்த நகரத்தில் ஒருவர் எங்கே குடியிருக்கலாம் என்பதைப் போனில் இரண்டு நிமிடப் பேச்சு தீர்மானிக்கிறது. அதைச் சுமக்க வேண்டியவர் டிவிஎஸ் எக்ஸெலில் போகிற ஒரு மனிதர் மட்டும் இல்லை.

வீட்டுக்குள் போனதும் அவர் செய்கிற முதல் காரியத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். வீட்டின் குறையைக் காட்டுகிறார். கூடத்தின் அழகையோ பால்கனிக் காற்றையோ அவர் பேசுவதில்லை. "அதெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. பாக்க முடியாததைத்தான் நாம காட்டணும்."

தரைத்தளத்தில் ஒரு வீடு. புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தது. வந்திருந்த இளம் தம்பதிக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அவர் படுக்கையறைச் சுவரில் பதித்த அலமாரியைத் திறந்து, கீழ்த்தட்டைத் தாண்டி உட்புறம் டார்ச் அடித்தார். சுவரில், என் இடுப்புக்குச் சற்றுக் கீழே, மங்கலான பழுப்புக் கோடு ஒன்று நேராக ஓடியது. வெளியே அடித்த பெயின்ட் அலமாரிக்குள் வரவில்லை. "2015 டிசம்பர்ல தண்ணி நின்ன மட்டம் இது. 2023 மிக்ஜாம் புயலுக்கு இதுல பாதி." கோட்டின்மேல் விரலை வைத்து இழுத்தார். அந்தப் பெண் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தென்சென்னையில் வீடு தேடுகிற யாரும் இப்போது கேட்கிற கேள்வி அது: அந்த டிசம்பரில் இங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது? வீட்டுக்காரர் சொல்ல மாட்டார், விளம்பரத்தில் வராது. சுற்றியிருக்கும் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைத் தேடித்தான் போகும். போகிற வழியில் வேளச்சேரியும் மடிப்பாக்கமும் நிற்கின்றன. சதுப்புநிலத்தில் மிஞ்சியதற்கு 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. மிஞ்சாமல் போனதன் மேல் மனிதர்கள் வீடு கட்டிக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தியாகராய நகரே 1920-களில் ஒரு நெடிய ஏரியைத் தூர்த்த இடத்தில் எழுந்ததுதான்; தண்ணீரின் பழைய வழி இந்த ஊருக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு அது எவ்வளவு என்ற கணக்கு எந்த அலுவலகத்திலும் கேட்டவுடன் கிடைக்காது. அவர் நோட்டில் இருக்கிறது. 2015-ல் தண்ணீர் வடிந்த மறுநாளே தெருத் தெருவாக நடந்து, தன் முழங்கால், இடுப்பு, மார்பு என்று உடம்பையே அளவுகோலாக வைத்துக் குறித்தது. முழங்காலுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு இரண்டு. சாவித் துணியிலும் அந்தக் கோடுகள் உண்டு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தத் தம்பதி அந்த வீட்டை எடுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி, மேட்டில், ஆயிரத்து ஐந்நூறு கூடுதல் வாடகைக்கு முதல் மாடி எடுத்தார்கள். தரைத்தளக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டாரா? "கோவிச்சாரு. தண்ணி வந்தா என் நம்பருக்குத்தான போன் வரும்னு சொன்னேன். வாடகையக் கொறைங்க, தெரிஞ்சே வர்றவங்களக் கொண்டுவர்றேன்னேன்." கொண்டுவந்தும் விட்டார். கட்டுமான வேலை மேற்பார்வையாளர்கள் மூன்று பேர், சாமான் அதிகம் இல்லாதவர்கள், மழை வலுத்தால் பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்கள்.

வாடகைக்குக் கமிஷன் ஒரு மாத வாடகை. விற்பனைக்கு இரண்டு தரப்பிலும் ஆளுக்கு 1 சதவீதம்; 2 கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அட்வான்ஸ் விஷயத்தில் சென்னை வழக்கம் பத்து மாத வாடகை என்றே வெகுகாலம் இருந்தது. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாக வைக்கிறது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதியவும் சொல்கிறது. தெருவில் இன்னும் ஐந்து, ஆறு, எட்டு என்று பேரம் நடக்கிறது. அவர் மூன்றில் ஆரம்பித்துப் பேசுகிறார், பல நேரம் ஐந்தில் முடிகிறது.

விற்பனையில்தான் அவருடைய இன்னொரு படிப்பு தெரிகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 2000-க்குப் பிறகு, வண்டியை மச்சானிடம் விட்டுவிட்டு, மூன்று வருடம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஆவண எழுத்தரிடம் எடுபிடியாக இருந்திருக்கிறார். சம்பளம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு மட்டும். பத்திரம் எப்படி வாசிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளத்தான் போனாராம். தாய்ப் பத்திரத்திலிருந்து கை மாறி வந்த வரிசை, நாலு எல்லை, பட்டாவில் யார் பெயர், வில்லங்கச் சான்றிதழில் என்னென்ன பதிவு. "வில்லங்கம் சுத்தமா இருக்குன்னு சந்தோசப்படக் கூடாதுங்க. பதிவு ஆனதுதான் அதுல வரும். பதியாத உயிலு, கோர்ட்டு கேஸு, கையெழுத்துப் போடாத தங்கச்சி, இதெல்லாம் அதுல தெரியாது. அதுக்குத் தெருவுலதான் விசாரிக்கணும்."

ஆறு ஃபிளாட் கொண்ட ஒரு கட்டடத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. அறுபது லட்சம். வாங்க வந்தவர் அரசுப் பள்ளி ஆசிரியை, வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு ஆகியிருந்தது. அவருக்கு முதலில் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். முழு விலையையும் பத்திரத்தில் காட்டினால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். தன் கமிஷன் 60 ஆயிரம். "அறுபதுக்கு வீடுன்னா உங்களுக்கு அறுபத்தாறு ஆகும் டீச்சர். அந்த ஆறு கையில இருக்கா, பாத்துட்டுச் சொல்லுங்க. 50 லட்சத்துக்குக் குறையாத விலையில, வித்தவருக்குக் கொடுக்கறதுல 1 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சு நீங்கதான் வருமான வரிக்குக் கட்டணும். மறந்துட்டா நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்." முதல் சந்திப்பிலேயே முழுச் செலவையும் இப்படிச் சொல்லிவிடுகிற தரகர்கள் குறைவு. ஆள் ஓடிவிடுவாரோ என்ற பயம். இவருக்குப் பாதி வழியில் ஆள் நின்றுபோவதுதான் பயம்.

பிறகு, அந்த சர்வே எண்ணில் நடந்த பதிவுகள் அத்தனையையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு ஃபிளாட்டுக்கும் எழுதிக் கொடுத்த யூடிஎஸ்ஸைக் கூட்டினார். யூடிஎஸ் என்றால் மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய, பிரித்துக் காட்ட முடியாத நிலப் பங்கு. அடுக்குமாடியில் நாம் வாங்குகிற நிலம் என்பது அந்த எண்ணிக்கைதான். மனை ஒரு கிரவுண்ட், 2,400 சதுர அடி. நாலு வீட்டுக்கு 430 வீதம், இரண்டு வீட்டுக்கு 415 வீதம். கால்குலேட்டரில் வந்தது 2,550. இல்லாத 150 சதுர அடியைச் சேர்த்து விற்றிருக்கிறார்கள். மறுபடி கூட்டினார். மூன்றாம் முறை என்னைக் கூட்டச் சொன்னார். அதே எண்.

ஆசிரியை வாங்கவில்லை. கமிஷன் போயிற்று, விற்க வந்தவரின் பக்கத்து 60 ஆயிரமும் சேர்த்து.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2016-ல் வந்த ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வீடு வாங்குகிறவருக்கு உண்மையான பாதுகாப்பு. திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யக் கூடாது, வாங்குவோரின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், பதிவு செய்த திட்டத்தில் விற்க உதவுகிற தரகரும் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலமும், எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடமும் அந்தப் பதிவிலிருந்து விலக்கு. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்ட். மடிப்பாக்கம், நங்கநல்லூர், ஆதம்பாக்கம் தெருக்களில் நடுத்தர வர்க்கம் வாங்குவது பெரும்பாலும் ஒரு கிரவுண்டில் ஆறு வீடு கட்டிய கட்டடத்தைத்தான். அதாவது எங்கே ஆசிரியைகளும் குமாஸ்தாக்களும் ஆயுள் சேமிப்பைக் கொட்டுகிறார்களோ அங்கே அந்தச் சட்டத்தின் பார்வை எட்டவில்லை. ஒரு மனிதர் கால்குலேட்டரோடு உட்கார்ந்து கூட்டினால்தான் உண்டு. அந்த வரம்பை இறக்க வேண்டும் என்பது என் கட்சி.

அவருடைய மகன் பி.காம். முடித்துவிட்டு இதே தொழிலுக்கு வந்திருக்கிறார், ஆனால் வேறு உலகம். ரெராவில் பதிவு செய்த ஏஜென்ட். பழைய மகாபலிபுரம் சாலை (ஓஎம்ஆர்) பக்கம் பெரிய கட்டுமான நிறுவனங்களுக்குச் சேனல் பார்ட்னர். ட்ரோன் படம், மாதிரி வீடு, வார இறுதியில் ஏசி காரில் தளப் பார்வை. சாவிக்கொத்து கிடையாது, எல்லாம் போனில். அப்பாவுக்கு அதில் பெருமை. ஒரே ஒரு தகராறு. மகன் காட்டுகிற வீடு இன்னும் கட்டி முடியவில்லை. "இல்லாத வீட்டுல நான் எதப் போயி குறைன்னு காட்டுவேன்?" என்கிறார் அப்பா. மகன், "அப்ரூவல் பிளான்ல காட்டலாம்ப்பா" என்று பதில் சொன்னார். சொல்லிவிட்டு, நிலத்தின் பழைய புலப்பட வரைபடத்தை அப்பாவிடம் நீட்டி, இதில் வாய்க்கால் எங்கே ஓடியது என்று கேட்டார். இருவரும் அரை மணி நேரம் அதன்மேல் குனிந்திருந்தார்கள். நான் அங்கிருப்பதையே மறந்துவிட்டார்கள்.

தரகரைத் தவிர்த்துவிட்டு வீட்டுக்காரரும் குடிவருபவரும் தங்களுக்குள் முடித்துக்கொள்வது சகஜம். அவருக்கும் நடக்கிறது. முதலில் வருத்தப்பட்டாராம், இப்போது நோட்டில் தேதி போட்டு இரண்டு பேர் பெயரையும் எழுதி வைப்பதோடு சரி. செயலிகள் வந்ததால் தொழில் படுத்துவிட்டதா என்று கேட்டேன். வெளியூர்க்காரர்கள் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அவரைத் தேடி வந்து, "அண்ணே, இந்த வீட்டுல தண்ணி வருமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்களாம். அதற்குக் காசு வாங்குவதில்லை. கோடைக்காலத்தில் போர்வெல் வற்றுகிற தெரு எது, லாரித் தண்ணீர் எந்தத் தெருவுக்குள் திரும்ப முடியாது என்பதும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறார்.

நாலாம் நாள் மாலை. மெட்ரோ பாலத்துக்காக எழுப்பிய தூண்களின் ஓரமாக, மேடவாக்கம் சாலையில் ஊர்ந்து, ஒரு பழைய தனி வீட்டுக்குப் போனோம். கேட்டில் துருப்பிடித்த தபால் பெட்டி, உள்ளே பவழமல்லி. எண்பதை நெருங்கும் அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் வெளிநாட்டில். கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மகள் வந்து அழைத்துப் போகும்வரை மாடியில் இருந்துகொள்வதாகத் திட்டம். "வாப்பா, ஏன் அங்கயே நிக்கற, உள்ள வா" என்றார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கூடத்தில் மொசைக் தரை. நான் அவரைப் பார்த்தேன். அவர் தலையை ஒரு முறை அசைத்தார்.

இளம் குடும்பம் ஒன்று சாமானோடு வந்திருந்தது. அவர்கள் இந்த வீட்டுக்கு எப்படிச் சரியானவர்கள் என்று அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார்: அந்தப் பெண் நர்ஸ். அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. வாடகையில் இரண்டாயிரம் குறைத்துப் பேசி வைத்திருந்தார். பின்கட்டுக் குழாயில் அழுத்தம் குறைவு, மழைக்காலத்தில் சமையலறைக் கதவு உப்பிக்கொள்ளும் என்பதையெல்லாம் அந்த அம்மாவின் எதிரிலேயே சொன்னார். அம்மா, "ஆமாமா, கொஞ்சம் எண்ணெய் தடவணும்" என்றார்.

சட்டைப் பையிலிருந்து கொத்தை எடுத்து, இரண்டு புள்ளியும் ஒரு வளைந்த கோடும் போட்ட சாவியைத் தேடிப் பிரித்தார். நகத்தால் முடிச்சை மெல்ல அவிழ்த்தார். துணித்துண்டை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, வெறும் சாவியை அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார்.